கூப்பிட்டவள் மறந்த சொல்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் டிபார்ட்மெண்டில் அத்தனை பேரும் பெனிட்டாவுக்கு அநியாயம் நடந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பெனிட்டாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுதியது ஓடியது. அவள் பெயர் கெடவில்லை. கெட்டது என் பெயர். ஆவுடையம்மாள், எம்.சி.ஏ. கடைசி வருஷம். எனக்கு அநியாயம் செய்தது ஒரு டேட்டாபேஸ். எப்படிச் செய்தது என்றால், பேசாமல் இருந்து செய்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? வல்லநாடா? அப்படியென்றால் தாராளமாக நேரம் இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், கோபத்தில்தான் இருக்கிறேன். காலையில் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும்போது சுத்தமான கோபம். இப்போது திரும்பிப் போகும்போது அதில் வேறு என்னவோ கலந்துவிட்டது. அது என்ன என்று தெரியவில்லை, ஆனால் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தலாம் போல இருக்கிறது. கத்தமாட்டேன். உட்காருங்கள்.

கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஓட்டலுக்குத் தூக்குவாளி எடுத்துக்கொண்டு சாம்பார் வாங்கப் போயிருப்பீர்கள் அல்லவா, அது போதும். டேட்டாபேஸ் என்பது பெரிய சமையற்கட்டு. உள்ளே நம்மை விடமாட்டார்கள். ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்பது அந்தச் சமையற்கட்டுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட செய்முறை. ஜன்னலில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், உள்ளே வேலை நடந்துவிடும். சரி, நடந்த வேலையின் பலன் நம் கைக்கு வரவேண்டுமே? வாயால் சொல்லி அனுப்பு என்றால் அது ஒரே ஒரு முழு எண்ணைத்தான் சொல்லும். அதுவும் பெரும்பாலும் ‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்பதற்கு அடையாளமாக ஒரு பூஜ்யம். ஒரு பெயர் வேண்டும், ஒரு தேதி வேண்டும், இரண்டு மூன்று விவரம் சேர்த்து வேண்டும் என்றால் நாம்தான் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். சும்மா கொண்டுபோனால் போதாது, ஜன்னலில் வைத்து ‘இதை நிரப்பிக் கொடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்தான் அவுட்புட் பாராமீட்டர்.

புரிந்ததா? நீங்கள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்தால் எங்கள் வகுப்பில் பாதிப் பேரைவிட உங்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

இப்போது வில்லங்கம். செய்முறை எழுதுகிறவள், ‘இது நிரப்பித் தரவேண்டிய பாத்திரம்’ என்று தன் பக்கத்தில் அவுட்புட் என்ற சொல்லை எழுதி வைக்க வேண்டும். அதைக் கூப்பிடுகிறவளும், தன் பக்கத்தில் அதே சொல்லை மறுபடி எழுத வேண்டும். இரண்டு பேரும் சொல்ல வேண்டும். பத்திரப்பதிவில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஏன், ஒருத்தி சொன்னால் போதாதா? அதைத்தான் நானும் பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வடிவு மேம் செய்முறைத் தேர்வு வைக்கிற மாதிரி வேறு யாரும் வைக்கமாட்டார்கள். இரண்டு மாணவிகளை முதுகுக்கு முதுகு உட்கார வைப்பார். ஒருத்தி ப்ரொசீஜர் எழுத வேண்டும், இன்னொருத்தி அதைக் கூப்பிட வேண்டும். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எழுதுகிறவள் ஒரு துண்டுச் சீட்டில் ப்ரொசீஜரின் பெயரையும் எந்தெந்தப் பாத்திரம் என்பதையும் எழுதித் தோளுக்கு மேலே நீட்டுவாள், அவ்வளவுதான். வேலைக்குப் போனால் எழுதுகிறவன் ஒரு ஊரில் இருப்பான், கூப்பிடுகிறவன் இன்னொரு ஊரில் இருப்பான், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்திருக்கக்கூட மாட்டான், அதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்பது மேம் சொல்கிற காரணம். சீனியர்கள் அதற்கு முதுகுப் பரீட்சை என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஒருத்தியை வாயைத் திறக்காதே என்று சொல்வது கல்வியா என்று நான் போன வருஷமே மேமிடம் எழுத்து மூலமாகக் கேட்டேன். பதில் வரவில்லை.

எனக்கு ஜோடி பெனிட்டா. இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. நான் பேசுவேன், அவள் கேட்பாள். அவளுக்குப் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது அக்கா, அதனால் அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். அதெல்லாம் ஒரு உதவிதான்.

கேள்வி இதுதான்: ஒரு ரயில் வண்டியின் எண்ணைக் கொடுத்தால், அதில் எத்தனை இருக்கை மிச்சம் என்பதும், இடம் இருக்கிற அடுத்த வண்டியின் பெயரும் வரவேண்டும். இரண்டு விவரம், ஆகவே இரண்டு பாத்திரம். பெனிட்டா ப்ரொசீஜர் எழுதினாள். சீட்டு நீட்டினாள். நான் கூப்பிட்டேன். முதல் பாத்திரத்தில் பன்னிரண்டு என்று வந்தது. சரியான பதில். இரண்டாவது பாத்திரத்தில் நல் என்று வந்தது. பேரில் மட்டும்தான் அது நல். அர்த்தம் என்னவென்றால், ஒன்றுமே இல்லை. பூஜ்யம்கூட இல்லை. பூஜ்யம் என்றால் ‘எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்றாவது அர்த்தம் உண்டு. நல் என்றால் எண்ணிப் பார்த்ததாகவே தகவல் இல்லை.

என்ன நடந்தது என்றால், முதல் பாத்திரத்துக்குப் பின்னால் அவுட்புட் என்று எழுதினேன். இரண்டாவதற்குப் பின்னால் எழுதவில்லை. மறந்துபோய் இல்லை, அக்கா. சரி, மறந்துதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு தடவைதான் சொல்லியாகிவிட்டதே. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாத்திரம் வைத்து ‘நிரப்பு’ என்றால் இரண்டையும் நிரப்ப வேண்டியதுதானே? நம் ஊர்க் கல்யாணத்தில் அண்ணன் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ‘தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்’ என்று வந்தால் தம்பி வரமாட்டான் பாருங்கள், ‘எனக்குத் தனியாக வைக்கவில்லையே’ என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தத் தம்பியேதான் இந்த டேட்டாபேஸ். ஆளாளுக்குத் தனித்தனியாக வைக்க வேண்டுமாம்.

நீங்கள் என்னவோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன், விட்டால் மறந்துபோகும்.

வரமாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? அதுதான் இல்லை. நாம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பாத்திரத்தை நீட்டினால், உள்ளே இருப்பவன் அதைக் கையால் தொடமாட்டான். அதே மாதிரி ஒரு பாத்திரத்தைத் தன்னிடமிருந்து எடுத்து, அதில் பதமாகச் சாம்பாரை ஊற்றி, நிரப்பிவிட்டு, அங்கேயே கொட்டிவிட்டு, நம்முடையதைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பான். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. வேலை முடிந்தது, பூஜ்யம், போய் வாருங்கள். ஒரு சிவப்பு எழுத்து இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை.

இதில் கொடுமை கேளுங்கள். இதுவே எழுதுகிறவள் அந்தச் சொல்லை மறந்து, கூப்பிடுகிறவள் மட்டும் எழுதியிருந்தால், டேட்டாபேஸ் கத்தும். ‘இது நிரப்பித் தருகிற பாத்திரம் என்று உள்ளே சொல்லவே இல்லையே, நீ எப்படிக் கேட்கலாம்’ என்று சிவப்பில் சண்டைக்கு வரும். எழுதுகிறவள் மறந்தால் ஊரைக் கூட்டுகிறது, கூப்பிடுகிறவள் மறந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறது. இது ஒருதலைப்பட்சமா இல்லையா? பெனிட்டா மறந்திருந்தால் அவளுக்கு உடனே தெரிந்திருக்கும், திருத்தியிருப்பாள். நான் மறந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. இதுதான் நான் சொல்கிற அநியாயம். இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம் என்றிருக்கிறேன்.

அன்றைக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஞானதுரை சார். நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை கிடையாது. திரையைப் பார்த்தார். அடுத்த வண்டி பேரு எங்கம்மா என்று கேட்டார். நான் சொன்னேன், சார், நான் கூப்பிட்டதில் தவறு இல்லை, முதல் விவரம் சரியாக வந்திருப்பதே அதற்குச் சாட்சி, ஆகவே இரண்டாவது பாத்திரத்தை உள்ளே நிரப்பவில்லை என்றுதான் முடிவுக்கு வரவேண்டும், தர்க்கப்படி வேறு வழியே இல்லை என்று. அது நல்ல வாதம் அக்கா. இப்போதும் சொல்கிறேன், தகவல் தவறே தவிர வாதம் நல்ல வாதம்.

அவர் பெனிட்டா பக்கம் திரும்பி, நீ நிரப்பினியாம்மா என்று கேட்டார். அவள் சாதாரணமாகவே யோசித்துத்தான் பேசுவாள், அதற்குள் சாருக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று நானே சொன்னேன், அவள் நிரப்ப நினைத்திருப்பாள் சார், ஆனால் அடுத்த வண்டியைத் தேடுகிற இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும், அவளுக்குத் தேதி ஒப்பிடுவதில் எப்போதுமே தடுமாற்றம் உண்டு என்று. இரண்டாவது தடவை கேட்டார். நான் தேதி ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்களை விளக்கினேன். மூன்றாவது தடவை கேட்டபோது, கேள்வித்தாளே தெளிவாக இல்லை என்ற கோணத்திலிருந்து ஆரம்பித்தேன். லேப் கடிகாரத்தில் அதற்குள் பதினான்கு நிமிஷம் ஓடிவிட்டது. அடுத்த ஜோடி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் தாளில் ‘முழுமை பெறவில்லை’ என்று எழுதி, இரண்டு பேர் பெயருக்கும் நேரே ஒரே கோடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெனிட்டா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பையை எடுத்தாள், போனாள்.

சாயங்காலம் வடிவு மேம் என் மெஷினில் உட்கார்ந்து, நான் எழுதிய வரியில் இரண்டாவது பாத்திரத்துக்குப் பின்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டிக் காட்டினார். வண்டியின் பெயர் பட்டென்று வந்து விழுந்தது. பெனிட்டாவின் சீட்டையும் காட்டினார். அதில் இரண்டு பாத்திரத்துக்கும் நேரே அவுட்புட், அவுட்புட் என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். எழுத்து சிறிதாக இருந்தது என்பதை மட்டும் நான் பதிவு செய்தேன்.

அதற்கப்புறம் மேம் சொன்ன தீர்ப்புதான் தீர்ப்பு. பெனிட்டாவின் ப்ரொசீஜர் சரியாக இருப்பதால், மறுதேர்வில் அவள் வேறு யாரோடு வேண்டுமானாலும் உட்காரலாமாம். ஜோடி இல்லாமல் தனியாக இருக்கிற அருள்மொழி தயாராக இருக்கிறாளாம். என்னோடு உட்கார வேண்டுமென்றால், ஒரு ஒப்புதல் படிவத்தில் பெனிட்டா கையெழுத்துப் போட வேண்டும். மறுதேர்வு நடக்கிற திங்கட்கிழமை, பத்து மணிக்குள். அவள் போடாவிட்டால் எனக்கு ஜோடி இல்லை, ஜோடி இல்லாவிட்டால் தேர்வு இல்லை, அடுத்த வருஷப் பிள்ளைகளோடுதான் எழுத வேண்டும். ஜூலையில் சென்னையில் வேலையில் சேர வேண்டியவள் நான். அம்மா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒரு பெட்டிகூட வாங்கி வைத்திருக்கிறாள். என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு உட்காரலாமாம், அதற்குப் பெயர் சலுகையாம். எனக்கு அந்தச் சலுகையை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். உனக்கு யார் வருவா என்று மேம் திருப்பிக் கேட்டார். அது வாதமே இல்லை, தனிப்பட்ட தாக்குதல்.

பெனிட்டா ஊருக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒன்று இல்லை, பத்தொன்பது. ஒவ்வொன்றும் நான்கு நிமிஷம், ஐந்து நிமிஷம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை. டேட்டாபேஸும் பெனிட்டாவும் கூட்டாளி போல.

வாகைக்குளம் தாண்டிவிட்டதா? சரி, வேகமாகச் சொல்கிறேன். ஆமாம், நீங்கள் முன்னாலேயே எதையோ சொல்ல வந்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது, இறங்குவதற்குள் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. வேறு வழி இல்லாமல் இன்றைக்குக் காலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். கையில் இரண்டு பக்கத்தில் பதினோரு குறிப்பு. டேட்டாபேஸின் ஒருதலைப்பட்சம் முதல் குறிப்பு, சீட்டில் எழுத்தின் அளவு ஆறாவது குறிப்பு, நட்பு பதினொன்றாவது. வீட்டுக்குப் போனால் அவள் அம்மா, கோயிலில் கொயர் பழக்கம் நடக்குதும்மா, அங்கே போ என்றார்கள். போனேன். பூசை முடிந்து சனம் போய்விட்டது. பீடத்துக்குப் பக்கவாட்டில் இருபது பேர் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள், பெனிட்டா கீபோர்டில். நான் நேராகப் போய், பெனிட்டா, நான் வந்ததன் நோக்கம் என்று ஆரம்பித்தேன். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற ரபேல் அண்ணாச்சி உதட்டில் விரலை வைத்தார். சும்மா வைக்கவில்லை, பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்கவே இல்லை.

ஐம்பது நிமிஷம் அக்கா. ஒரு வரியையே பதினாறு தடவை பாடினார்கள். ஒரு தடவைகூட நான் பேசவில்லை. பெனிட்டா அத்தனை நேரமும் தாளத்துக்கு வாசிக்கிறாள், அண்ணாச்சி சொல்வதைக் கேட்கிறாள், நடுவில் ஒரு இடத்தில் கையைத் தூக்கி ‘இந்த இடத்துல ஆல்ட்டோ முந்துது அண்ணாச்சி’ என்கிறாள். ஆல்ட்டோ என்றால் கீழ்க்குரலில் பாடுகிற பெண்களாம். இருபது பேரும் சட்டென்று நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். அவள் வாசித்துக் காட்டுகிறாள். அப்படியே திருத்திக்கொள்கிறார்கள். இது எங்கள் பெனிட்டா, அக்கா, பேசுவதற்கு ஒன்றுமில்லாதவள். அங்கே ஆள் வேறாக இருந்தாள். அந்த அண்ணாச்சி கொஞ்சம் வாய்ப்புக் கொடுக்கிறார் போலிருக்கிறது, அது அவருடைய பெருந்தன்மை.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லாததால் என் பதினோரு குறிப்பையும் படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தன. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது, எதன் முடிவிலும் கேள்விக்குறி இல்லை. அது நடை சம்பந்தப்பட்ட விஷயம், விடுங்கள்.

பழக்கம் முடிந்து வெளியே வந்தோம். மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் வேப்பமர நிழலில் நின்றாள். நான் முதல் குறிப்பிலிருந்து தொடங்கினேன். அவள் கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இரண்டாவது, மூன்றாவது. தோளில் மாட்டிக்கொண்டாள். ஏழாவதில் இருந்தபோது கையை நீட்டி, ‘ஃபார்ம் எங்கட்டி?’ என்றாள்.

நான் இன்னும் நான்கு குறிப்பு பாக்கி இருக்கிறது என்றேன்.

‘ஃபார்மக் குடு ஆவுடை. கை வலிக்கி.’

கொடுத்தேன். கெபிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். பதினொன்றாவது குறிப்புக்குப் போகவே இல்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது, ஒரு பக்கம் அத்தனை வாதமும் வீணாகப் போன ஆத்திரம், இன்னொரு பக்கம் ஜூலை மாதம் வேலைக்குப் போய்விடுவேன் என்ற சந்தோஷம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதித்தேன். கெபிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு அம்மா விலகிப் போனார்கள்.

ஆனால் ஒன்று என் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதனால்தான் கேட்டேன், சார் கேட்டபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, திரையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்குமே, ஆவுடை அந்தச் சொல்லை விட்டுவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்குமே என்று.

அவள் யோசித்தாள். வழக்கம் போல. நான் அதற்குள் சாத்தியமான மூன்று காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் ஐம்பது நிமிஷப் பழக்கம் இருந்ததாலோ என்னவோ, வாய் தானாக நின்றது. சத்தியமாக அக்கா. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றில் மரம் ஆடுகிற சத்தம் கேட்கிறது. எவ்வளவு நேரம் என்கிறீர்கள், ஒரு பேருந்து வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

‘நீ முடிக்கட்டும்னு இருந்தேன்’ என்றாள். ‘மூணு வாட்டி அவரு என்னயத்தான கேட்டாரு. மூணு வாட்டியும் பதில் ஒன் வாய்லேர்ந்துல்லா வந்துச்சு. நடுவுல புகுந்து ஒன் தப்பச் சொன்னா, ஒனக்கு இன்னும் பதினாலு நிமிசம் வேணும்.’

பார்த்தீர்களா, எவ்வளவு அமைதியாகப் பழியை என் மேல் போடுகிறாள் என்று. இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். இன்னும் இருக்கிறது. ஆனால் படிவம் அவள் கையில் இருந்தது, அதில் இன்னும் ஒரு கட்டம் நிரப்பாமல் காலியாக இருந்தது. யார் எழுதுவது, யார் கூப்பிடுவது என்ற கட்டம். மறுதேர்வில் மாற்றிக்கொள்ளலாம். என்னை எழுதச் சொல்வாளா, மறுபடி கூப்பிடச் சொல்வாளா, எது என்று தெரிந்தால்தானே ராத்திரி அதைப் படிக்க முடியும்? அதனால் வேறு எதுவும் பேசாமல், நாளைக்கு யாருக்கு எது பெனிட்டா என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

அவள் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தை நிரப்பினாள். படிவத்தை நான்காக மடித்து என் பைக்குள் அவளே வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

‘நீ எழுது, நான் கூப்பிடுதேன். ஆனா நான் கேட்டதுக்குப் பதிலு மட்டும் வரணும்ட்டி. வியாக்கியானம் வந்துச்சு, அருள்மொழிகூடப் போயி உக்காந்துருவேன்.’